வணக்கம் சொல்லப் போன நேரம்

டாக்டர் அஃப்ராகோமா எங்கள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேலாண்மைப் பாடம் நடத்துகிறார். பக்கத்துத் துறைக்காரர்களுக்கு அந்தப் பாடமே ஒரு கேலி. "இன்ஜினைக் கழட்டத் தெரியாதவங்க, கழட்டுறவனை வேடிக்கை பாக்குற படிப்பு" என்பார்கள். அவர் மறுத்ததில்லை. "ஆமா, பாக்கத்தான் செய்யறோம். நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்.

எங்கள் குமாசி நகரத்தின் சுவாமே பகுதியிலுள்ள வண்டிப் பட்டறைகளில் ஒரு கியர்பாக்ஸைச் சரிசெய்ய ஒன்பது மணி நேர வேலைதான். ஆனால் வண்டிக்காரர் கைக்கு அது வர நான்கு நாள் ஆகிறது. மீதி நேரம் எங்கே போகிறது? இரண்டு வருடமாக அவரைக் குடைந்த கேள்வி அது. பட்டம் முடித்தவர்கள் நாட்டுக்காகச் செய்ய வேண்டிய தேசிய சேவை வருடத்தில் அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்த நான், பன்னிரண்டு பட்டறைகளில் கடிகாரத்தோடு உட்கார்ந்து எழுதினேன். தாளில் வேலை, காத்திருப்பு, வீண் என்று மூன்று கட்டங்கள். வேலையாட்கள் மற்ற பட்டறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவதை யோசிக்காமல் வீணில் போட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அப்பா தெருவில் இப்படி நின்று நின்று பேசுவது எனக்குப் பிடிக்காது. அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

வணக்கத்தை நிறுத்தினால் வேலை இரண்டு நாளில் முடியும் என்று அஃப்ராகோமா எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பதவி உயர்வுக்கு அந்த ஒரு கட்டுரைதான் பாக்கி. விண்ணப்பிக்க மாதக் கடைசி வெள்ளி வரை நேரம் இருந்தது.

அதற்குள் செய்தே பார்த்துவிட ஆசைப்பட்டார். அந்தப் பன்னிரண்டில் ஒரு பட்டறையை நடத்தும் மாஸ்டர் அஜாபோங் தன் ஆட்களை இரண்டு வாரம் எங்கும் போகாமல் நிறுத்தி வைத்தார். நான்கு நாள் ஆறு நாளானது.

"எப்படி மாஸ்டர்?"

"எப்படியா? பேரிங் ஏழாவது கடையில கிடந்திருக்கு மேடம். எங்களுக்கு யார் சொல்லுவா? ஒரு கருவி இரவல் கேட்டு ஆள் அனுப்பினேன். 'ஓ, இப்பதான் எங்க ஞாபகம் வந்துச்சா? உங்க மாஸ்டர் செத்துட்டார்னுல்ல நினைச்சோம்'னு திருப்பி அனுப்பிட்டான்."

அஃப்ராகோமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புவாச்சி, வீண்ல என்னென்ன போட்டே?"

சொன்னேன். "தப்பு என்னோடதுதான் மேடம்."

"மூணு கட்டம் போட்டது நான். நீ எதுலயாவது அடைச்சுத்தானே ஆகணும்?"

கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறார் என்று கேட்டதும் துறைத்தலைவருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு கடை, ரெண்டு வாரம். இதுக்காகக் கட்டுரையைத் திரும்ப வாங்குவாங்களா? பதவியை வாங்கிட்டு அப்புறம் திருத்திக்கோங்க."

"அப்புறம் திருத்தணும்னு எனக்குத் தோணாது சார். அதான் பயம்."

அன்றே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவர் இடத்தில் நான் இருந்தால் எழுதியிருப்பேனா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போகவில்லை. நாங்கள் இருவரும் வெயிலில், வணக்கம் சொல்லக் கிளம்பிய அஜாபோங்கின் ஆள் பின்னால் நடந்தோம். முதல் கடையில் பேச்சு குழந்தையின் காய்ச்சல், அடுத்ததில் சனிக்கிழமை இழவு, மூன்றாவதில் யாரோ விற்க வைத்திருந்த பழைய கியர்பாக்ஸ். கட்டமே இல்லாத தாளில் எழுதிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்ததும் அஃப்ராகோமா மாஸ்டரிடம் கேட்டார்: "பக்கத்துக் கடையை விட்டுட்டு முதல்ல ஏன் அந்தக் கோடிக்குப் போறாங்க?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "தெரியலையே மேடம். எப்பவும் அப்படித்தான் போறோம்."

அடுத்த ஆள் கிளம்புவதைப் பார்க்க, அஃப்ராகோமா ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.