இரண்டு விமானக் கம்பனிகளும் ஒரு ஸ்கூட்டியும்

அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து இலங்கைக்கு விமானம் கிளம்பியபோது உள்ளே பாதிப்பேர் அழுதோம். என் கணவர் மட்டும் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இறக்கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். விமானப் பொறியியல் படித்தவர். அகதி என்பதால் அந்தப் படிப்புக்கு இந்தியாவில் வேலை கிடைக்கவில்லை. விமானத்தில் ஏறியதே அன்றுதான் முதல் தடவை. ஏறுமுன்பே மூக்கைப் பார்த்து, இது ஐரோப்பியக் கம்பனி கட்டியது என்று சொல்லிவிட்டார். நான் என் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

மன்னார்த் தீவில் எங்கள் ஊரான தோட்டவெளியில் காணியைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் போட்டு, முன்பக்கத்தில் அவர் எஞ்சின் திருத்தும் கடை வைத்தார். வள்ளத்து எஞ்சினும் தண்ணீர்ப் பம்பும் வரும். கொண்டு வருகிறவர்களுக்கு விமானக் கதை இலவசம். பெரிய விமானம் கட்டுவதில் ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பனிகள் இரண்டுக்கும் தீராத போட்டி. ஐரோப்பிய விமானத்தில் விமானியின் பக்கத்தில் சின்னதாக ஒரு பிடி இருக்கும். அதை எவ்வளவு இழுத்தாலும் கம்ப்யூட்டர் ஓர் எல்லைக்கு மேல் மூக்கைத் தூக்க விடாது, சரிய விடாது. அமெரிக்க விமானங்களில் நெஞ்சுக்கு நேரே பெரிய பிடி. எல்லை தாண்டப் போனால் அது கையில் இறுகும், எச்சரிக்கும். அதற்கு மேலும் விமானி அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். கடைசி முடிவு மனிதனுக்கு. என் கணவர் ஐரோப்பாக் கட்சி. மனிதன் பிழை விடுவான், இயந்திரம்தான் தடுக்க வேண்டும் என்பார்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒன்று அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்கிற மாமியார். மற்றது திறப்பைத் தந்துவிட்டு வாசலில் நின்று புறுபுறுக்கிற மாமியார். இதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பார்த்தால் கடைக்கு வருகிறவர்களுக்கு அதையே தன்னுடைய உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து, நிறை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கும் வேலை. கடற்கரையோரம் கீரி என்கிற ஊர்ப் பக்கம் எனக்கு. அங்கே தனியாகப் போய்வர முடியாவிட்டால், பயிற்சிக் காலம் முடிந்ததும் இடம் வேறொருவருக்கு. என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. விட எனக்கு மனமில்லை.

பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி அவரே பழுது பார்த்துத் தந்தார். லைசன்ஸ் பரீட்சை தார்ரோட்டில் நடந்தது, தேறிவிட்டேன். சோதனை கீரி மணலில்தான் தொடங்கியது. ரோட்டை விட்டு இறங்கியதும் சில்லு புதையும், வண்டி திணறும், நான் சரிவேன். தினமும் பின்னால் சைக்கிளில் வருகிற என் கணவர் தூக்கி நிறுத்துவார். ஸ்கூட்டியைச் சைக்கிள் எப்படி விடாமல் பிடிக்கிறது என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வண்டியில் குறை என்று சொல்லவும் வெட்கம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சிரிப்பார்களே. எனக்குக் கை வராது, அவ்வளவுதான் என்று மனம் சோர்ந்து, மாதம் முடிய வேலையை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் அவர் உதிரிப்பாகம் வாங்க மன்னார் டவுனுக்குப் போயிருந்தார். நான் தனியாகப் போய், வழக்கம்போல மணலில் விழுந்தேன். கரையிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் தன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு என் வண்டியை வெளியே ஓட்டித் தர முயன்றார். அவரும் சரிந்தார். எழும்பி, கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்களில பிழை இல்லை. இந்த ஆக்சிலேட்டர் அரைவாசிக்கு மேல திரும்புதில்லை. நல்ல மெக்கானிக் ஒருத்தரிட்டக் காட்டுங்கோ."

மேடை உண்மையாகவே கோணல்தான்.

மெக்கானிக் வீட்டிலேயே இருக்கிறாரே. அவர் திரும்பி வந்ததும் கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன். அவர் கழற்றவில்லை. உள்ளே ஒரு சின்னக் கட்டை இருக்கிறது, வேகமாகப் போகாதபடி தானே வைத்தது என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து எறிந்திருப்பேன். எத்தனை நாள் என்னையே நான் திட்டியிருப்பேன். அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இந்தியாவுக்கு ஓடிப்போகேக்க கடலில அம்மாவையும் தங்கச்சியையும் குடுத்திட்டன். ரோட்டில உன்னையும் குடுக்கேலாது."

கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐரோப்பாக் கம்பனி தடுப்பு வச்சிருக்கெண்டு விமானிக்குத் தெரியுமோ தெரியாதோ?"

விமானம் என்றால் அவரால் பொய் சொல்ல முடியாது. "தெரியும். எல்லாம் சொல்லிக் குடுத்துத்தான் சீற்றில இருத்துவினம்."

"அப்ப நீங்கள் எந்தக் கம்பனி?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு கைப்பிடியைக் கழற்றிக் கட்டையை எடுத்து என் கையில் தந்தார். ஒரு ஸ்பிரிங் போடட்டோ என்று கேட்டார். அரைவாசிக்கு மேல் கைக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், ஆனால் தடுக்காது என்றார். ஐரோப்பாக் கட்சிக்காரர் அமெரிக்காவுக்கு மாறிவிட்டார். கேட்டுச் செய்ததால் நானும் சம்மதித்தேன்.

அடுத்த நாள் காலையும் சைக்கிளில் பின்னால் வந்தார். மணலில் சில்லு இறங்கியது, வண்டி திணறியது. முறுக்கினேன். ஸ்பிரிங் என் கையை எதிர்த்தது. பயமாகத்தான் இருந்தது. இன்னும் முறுக்கினேன். வண்டி வாலை இரண்டு பக்கமும் ஆட்டி, சீறிக்கொண்டு மணலைத் தாண்டியது. கெட்டியான நிலத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவர் வெகுதூரத்தில் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு நின்றார். வா என்று கை காட்டினேன். அவர் போ என்று கை காட்டினார்.

பனைகளுக்கு நடுவில் புதிதாகப் போட்ட ஒரு தகர வீடு. பிள்ளை பெற்று ஒரு கிழமையான பெண் குழந்தையோடு வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரோட வந்தனீங்கள் மிஸ்?"

"தனியத்தான் வந்தனான்" என்றேன். அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் என்ன நினைத்தாளோ, முதலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டுக் குழந்தையை வாங்கித் தராசில் வைத்தேன்.