பெரிய பிரஸ்ஸும் வெள்ளிக்கிழமைக் கரண்டும்

ஜேர்சியில் பெயரும் நம்பரும் அடிக்கிற ஹீட் பிரஸ் வாங்க நான் கொழும்புக்குப் புறப்பட்டபோதே மனைவி சொன்னாள்: “சின்னதாப் பாருங்க. நம்மட வீட்டுக் கரண்டுக்கு அது போதும்.”

“ஒனக்கென்ன தெரியும்?” என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுசி.

கடையில் சின்னதைக் கையால் அமுக்க வேண்டியிருந்தது. பெரியதோ பொத்தானைத் தட்டினால் தானே மூடி, தானே திறந்தது. அவ்வளவுதான், எனக்குப் புத்தி போய்விட்டது. லொறியில் கொண்டுவந்து, எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியே பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் இறக்கினேன்.

முதல் ஓடர் எங்கள் ஊர்ப் பந்துக் கழகத்துடையது. வெள்ளி பின்னேரம் போட்டி. வெள்ளை ஜேர்சிகள் அன்று காலையில்தான் வந்தன. சரியாகச் செய்தால் தொழில் நிலைக்கும். பிழையாகிப் போனால் மெசினை விற்றுவிட்டு மச்சானோடு உப்பளத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

சூடு இருநூறு பாகைக்கு ஏற வேண்டும். நூற்றைம்பதில் படுத்துவிட்டது. பொறுமையில்லாமல் ஒன்றை அடித்தேன். நம்பர் கழுவிப்போட்டது போல வந்தது. கடைக்காரனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

“அவரை ஏன் ஏசுறீங்க?” என்றாள் மனைவி. “சுத்திவர வெங்காயத் தோட்டம். எல்லாரும் மோட்டர் போட்டுத் தண்ணி இறைக்காங்க. கரண்ட் எங்கால வரும்?”

அந்நேரம் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தோட்டங்களில் மோட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மெசினில் சூடு மளமளவென்று ஏறியது. யா அல்லாஹ்! நானும் அல்லவா பள்ளிக்குப் போக வேண்டும்!

“நீங்க போங்க. நான் பாக்குறன்.”

குத்பாப் பிரசங்கம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிற ஆள் நான். அன்று மட்டும், மௌலவி இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்று அல்லாஹ்விடம் மனமுருகிக் கேட்டேன். தொழுகை முடிந்ததும் ஒருவன் விடாமல் ஸலாம் சொல்லிக் கதைகொடுத்து, தோட்டத்துக்குப் போகவிடாமல் மறித்தேன்.

வீட்டுக்கு வந்தால் கட்டில் நிறைய ஜேர்சி, பளிச்சென்று. மனைவி நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சற்று முன் பள்ளியில் நான் மறித்துவைத்திருந்த கழகத் தலைவன் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். “நானா, இந்த ஒண்டு மட்டும் மங்கிக் கிடக்கே?” என்று என்னைக் கேட்டான்.

“அது... வோல்டேஜ் காணாம...” என்று இழுத்தேன்.

அவன் என்னைத் தாண்டி, உள்ளே நின்ற மனைவியை எட்டிப் பார்த்தான்.

“ராத்தா, அடுத்த மாசம் இன்னொரு செட் வேணும். நீங்களே அடிச்சுத் தாங்க, என்ன?”