பச்சையில் தெரியவில்லை

"புதன், பிற்பகல் 2.40. மலக்பேட் கிளையின் ரிப்போர்ட்டுகள் திறக்கவில்லை. காரணம் நீலத்தில் தெரிந்தது. பச்சையில் தெரியவில்லை. 3.25க்குச் சரியானது." இது என் பதிவேட்டில் உள்ள குறிப்பு. தேதியும் உண்டு, இங்கே கிழமை போதும். எங்கள் மென்பொருள் எப்போதெல்லாம் படுத்துக்கொண்டது, எப்போது எழுந்தது என்று ஆறு வருடமாக எழுதிவருகிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. பழைய நாட்குறிப்புகளையும் பயணக் குறிப்புகளையும் தேடித் தேடிப் படிக்கிறவளுக்கு, நடந்தது நடந்தபடி எங்காவது இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிடுகிறது. மேலே உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எழுதிய கைக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை.

எங்கள் அலுவலகம் கச்சிபௌலியில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையங்கள் தங்கள் ரிப்போர்ட்டுகளை நோயாளிகளின் கைப்பேசிக்கு அனுப்பும் மென்பொருளை நாங்கள் பராமரிக்கிறோம். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி என் சக ஊழியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் மொத்த அலுவலகத்துக்கும் அவர் 'அக்கா'. தெலுங்கிலும் அது அக்காதான் என்பதால் யாருக்கும் தயக்கமில்லை. நான் 'மேடம்'. நாமக்கல்லிலிருந்து வந்து ஒன்பது வருடமாகியும் மேடம்தான். அலுவலகத்துக்கு நடந்தே வரக்கூடிய தூரத்தில் என் வீடு. அவர் நெரிசலில் ஊர்ந்து வரும் கம்பெனி வண்டியில் ஒன்றரை மணிநேரம் பயணம் செய்வார். அப்படியும் காலையில் நான் நுழையும்போது அவர் இருக்கையைச் சுற்றி மூன்று பேராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

ஏதாவது கோளாறு என்றால் நான் வரைபடங்களைத் திறப்பேன். அவர் தொலைபேசியை எடுப்பார். எந்தக் கிளையில் பிரச்சினையோ அந்தக் கவுன்ட்டரில் இருப்பவரிடம், தெலுங்கிலோ இந்தியிலோ, முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, எதை அழுத்தினாய், பிறகு எதை அழுத்தினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஐந்து நிமிடத்தில் "ஹவ், புடிச்சிட்டேன்" என்பார். அவர் தமிழில் அந்த ஊர் இந்தி கலந்திருக்கும்: ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். ஒருநாள் என் பதிவேட்டை எட்டிப் பார்த்து, "கைக்கு மேடம் இவ்ளோ எழுதுறீங்க? அதான் சரியாயிடுச்சே?" என்றார். அடுத்த முறை வந்தால் தேவைப்படும் என்றேன். "அடுத்த தடவை என்னைக் கேளுங்க" என்று சிரித்தார். அடுத்த முறை கேட்டார்கள், அவரைத்தான். அவருக்கு நினைவும் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

கோளாறுகளைக் கண்காணிக்க ஒரு கருவி வாங்குவது என்று மேலாளர் முடிவுசெய்தார். கடைசிச் சுற்றில் இரண்டு மிஞ்சின. திரையின் நிறத்தை வைத்து ஒன்றை நீலம் என்றும் மற்றதைப் பச்சை என்றும் அழைத்தோம். நீலம் எங்கள் சர்வர்களின் நாடி பிடித்துப் பார்க்கும். எது மூச்சு வாங்குகிறது என்று வரைந்து காட்டும். பச்சை ஒரு நோயாளி பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து அந்தக் கோரிக்கை எங்கெங்கே போனது, எங்கே நின்றது என்று பின்தொடரும். அவர் தொலைபேசியில் செய்வதை அது திரையில் செய்தது. அவருக்குப் பச்சை பிடித்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு நீலம். எந்தக் கருவி தேர்வாகிறதோ அதை முன்மொழிந்தவர்தான் மூன்று பேர் கொண்ட புதிய குழுவுக்குப் பொறுப்பு என்றார் மேலாளர். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஒரு காலையாவது என் இருக்கையைச் சுற்றி ஆட்கள் நிற்க வேண்டும்.

இரண்டு வார ஒத்திகைக்கு இரண்டையும் நிறுவும் வேலை என்னிடம் வந்தது. "மேடம்னா ஒரு புள்ளி விடமாட்டாங்க" என்று அவரேதான் என் பெயரைச் சொன்னார். நீலத்தின் எல்லா அமைப்புகளையும் எங்களுக்கு ஏற்றபடி திருத்தினேன். பச்சையின் கையேட்டை ஒரு திங்கட்கிழமை படித்தேன். மாற்றாமல் விட்டால் பத்துக் கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே அது சேமிக்கும், மற்ற ஒன்பதைத் தூக்கிப் போட்டுவிடும் என்று அதில் இருந்தது. மாற்றுவதற்கு ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. எதையும் கெடுக்கவில்லையே, வந்தபடிதானே விட்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகையின் இரண்டாவது வாரம் அந்தப் புதன்கிழமை வந்தது. மலக்பேட்டில் ஏழெட்டுப் பேருடைய ரிப்போர்ட் மட்டும் திறக்கவில்லை. அவர் பச்சையில் அவர்களைத் தேடினார். ஒருவர்கூட இல்லை. சேமிக்கப்படாத ஒன்பதில் போயிருந்தார்கள். நீலத்தில் தரவுத்தளத்தின் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. நான் கையைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அக்கா, உங்க பச்சைக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். "நக்கோ நக்கோ, ஆபரேஷனே பண்ணணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், சூப்பர்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பதிவேட்டில் இல்லை.

மறுநாள், ஒத்திகையை முடிக்கும் கூட்டத்தில் என் ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினேன். கடைசி வரியில் புதன்கிழமையை வைத்திருந்தேன். மேலாளர் பச்சையை முன்மொழிந்தவரிடம் கருத்துக் கேட்டார். அந்தக் கடைசி வரியை அவர் சற்று அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "மேடம் எழுதினா சரியாத்தான் இருக்கும். நீலமே வெச்சிக்கலாம்" என்றார். எழுந்தவர் என் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

பொறுப்பு எனக்கு வந்தது. ஆட்கள் வரவில்லை. ஒரே வாரத்தில் அவர் நீலத்தைக் கற்றுக்கொண்டார். "அக்கா, நீலத்துல இந்தக் கோடு ஏன் துள்ளுது?" என்று என் நாற்காலியை உரசிக்கொண்டே போய் அவரிடம் கேட்பார்கள். நீலத்தின் பொறுப்பாளர் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். தோற்றவர்மேல் பொறாமைப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நோட்டு இல்லன்னா இந்த டீமுக்கு ஞாபகமே இருக்காது மேடம்" என்றார். கிண்டலா, பாராட்டா என்று முகத்தில் தேடினேன். இரண்டும் கிடைக்கவில்லை.

போன மாதம் பயன்படாத கணக்குகளை மூடும் வேலை வந்தது. பச்சையின் ஒத்திகைக் கணக்கு அழியாமல் இருந்தது. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று அதுவும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அந்தப் புதன்கிழமை, மாலை 4.05. அமைப்புகள் பக்கம். அவர் பெயர். நான்கு நிமிடம் திறந்திருந்தது. எதுவும் மாற்றப்படவில்லை. கூட்டம் மறுநாள் காலையில்தான்.

அந்தப் பக்கத்தில் பதினோரு வரிகள் உண்டு. பத்தில் ஒன்று என்பது ஏழாவது வரி. அவர் கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது, நான் கேட்கவில்லை. பக்கம் திறக்கப்பட்டது உறுதி. அவர் ஏழாவது வரியைப் படித்தாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.