கணக்கு உண்டு, ஆள் இல்லை

கணினியில் கோட் எழுதி முடித்ததும் கடைசி விசையை ஓங்கித் தட்டிவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவான். சுற்று முடிந்து முகம் திரும்பும்போது, "முடிஞ்சுது. இனிமே கடவுளே வந்தாலும் உடையாது" என்பான். பெரும்பாலும் மதியத்துக்குள் உடைந்துவிடும். கடவுள் வரை போக வேண்டியதே இல்லை.

அலுவலகத்தில் அவன் பெயர் 'சிக்னல்'. இரத்த தானம் செய்வோருக்கான இணையதளத்தைக் கட்டியவன். அதில் ஒருவரின் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு ஓரிடத்தில் இருக்கும். இரத்த வகை, தொலைபேசி எண் அடங்கிய ப்ரொஃபைல் வேறிடத்தில். புதுக் கணக்கு பிறந்ததும் 'ஆள் வந்தாச்சு' என்று தளத்துக்குள் ஒரு சிக்னல் பறக்கும். ப்ரொஃபைல் தானாக உருவாகி அதோடு ஒட்டிக்கொள்ளும். பெற்ற பிள்ளையின் சமர்த்தைச் சொல்வதுபோல, தண்ணீர் பிடிக்க வந்தவர்களையும் நிறுத்திவைத்து இதைச் சொல்வான்.

சோதனைப் பிரிவு அக்கா மட்டும் மயங்கவில்லை.

"சரிப்பா, சிக்னல் வைக்கிறதுக்கு முன்னாடி கணக்கு தொடங்கினவங்க கதி?"

"அதெல்லாம் ஆரம்பத்துல சும்மா பதிஞ்சு பார்த்த ஆளுங்கக்கா. அவங்களை யாரு தேடப் போறா?"

மருத்துவமனை தேடியது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். கையிருப்பு தீரப்போகிறது, தளத்தில் தேடினால் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று ஃபோனில் நர்ஸ் பதறினார்.

"இல்லன்னா இல்லதான். கோட் பொய் சொல்லாதுக்கா."

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ப்ரொஃபைல் ஒட்டாத கணக்குகளை மட்டும் திரையில் வரவழைத்தாள். முதல் பெயரே அவனுடையது.

"உனக்கு என்ன வகை?"

திரையில் தன் பெயரை இன்னொரு முறை படித்தான். பிறகு, "ஓ... நெகட்டிவ்."

"கட்டினவனையே தளத்துக்குத் தெரியல. எழுந்திரு."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பழைய கணக்குகளுக்கெல்லாம் ப்ரொஃபைல் ஒட்டியாகிவிட்டது. இப்போது தண்ணீர் பிடிக்க வருபவர்களுக்கு இரண்டு கதைகள் கிடைக்கின்றன: அவன் கோட் எழுதிக் காப்பாற்றியது, குருதி கொடுத்துக் காப்பாற்றியது. இரண்டிலும் அக்கா வருவதில்லை.

அக்காவும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அன்று மருத்துவமனைக் கட்டிலில் அவன் படுத்திருந்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்தான். நர்ஸ் ஊசியின் உறையைப் பிரித்தார். "அக்கா, போயிடாதீங்கக்கா" என்று கண்களை இறுக மூடிக்கொண்டு, மற்றொரு கையால் துழாவி, அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.