நான்கு மாத இடைவெளி

எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர் இறந்த மறுநாள், நான் வேலை பார்த்த நாளிதழின் புறநகர்ப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தாம்பரத்தில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவரிடம் ஆடியவர்கள் துறைமுகத்தில், வங்கிகளில், காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனார்கள். ஓய்வுக்குப் பிறகும் கடைசி மாதம் வரை மைதானத்துக்கு வந்தார். எல்லாம் உண்மை, ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. இரண்டு சகோதரர்களைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இருவருக்கும் வேலை போயிருக்கும். அவர்கள் பணிசெய்த நிறுவனத்தைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். அதனால் இப்போது எழுதலாம்.

அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்தவரில்லை. அவருக்குக் கண் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போனவர், கரைவலை இழுப்பவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாராம். கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் ஒரே அடியில் பின்னால் நகர்கிறார்கள், ஒருவன் முந்துவதில்லை. அடுத்த ஜூனில் அந்தக் குப்பத்துப் பையன்கள் சிலர் எங்கள் பள்ளியில் இருந்தார்கள். மேடவாக்கம் வழியாக வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரின் இடுப்பையும் ஒரே வலைக்கயிற்றில் கட்டி ஒரு மாதம் ஓடவிட்டார் அவர். இடது ஓரத்தில் நான். நடுவில் அந்தக் குப்பத்தின் அண்ணனும் தம்பியும். ஒருவன் தனியாகப் பாய்ந்தால் நான்கு பேரும் மண்ணில் விழுவோம். கயிற்றை அவிழ்த்த பிறகும் எங்களால் தனித்தனியாக ஓட முடியவில்லை. எதிரணிகள் ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டே இருந்தன. அவரைப் பார்த்தேயிராத பயிற்சியாளர்கள் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் பையன்களைக் கயிற்றில் கட்டி ஓடவிடுவதைப் பிறகு நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமல்ல, எப்போது பிறந்தோம் என்பதையும் அவரே தீர்மானித்தார். பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களை ஆடவைக்க அது தேவைப்பட்டது. அந்த நாளில் எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்தன. சேர்க்கையின்போது தாய் தகப்பனிடம் கேட்பார். அவர்களுக்குத் தேதி தெரியாது, மழை வந்த வருடம் தெரியும். அவர் ஒரு தேதி சொல்வார், அலுவலகத்தில் எழுதிக்கொள்வார்கள். எனக்கு ஒன்றரை வயது குறைந்தது.

அண்ணன் முதல் வருடம் சேர்ந்தான், தம்பி அடுத்த வருடம். தம்பிக்குத் தேதி சொன்னபோது அண்ணனுக்கு என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவில்லை. இரண்டரை வருட வித்தியாசம் நான்கு மாதமாகிவிட்டது. அணிப் பட்டியலை எழுதும் வேலை என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார். நான்தான் முதலில் கவனித்தேன். அவரிடம் சொன்னேன். "மேட்ச் ஆடப் போறது பையனா, பர்த் சர்டிபிகேட்டா?" என்றார். மைதானத்தில் அது கேலியாக மட்டும் இருந்தது.

"டேய், நாலு மாச ரெட்டை! உங்கம்மா இன்னா எக்ஸ்பிரஸ் டெலிவரியா?"

"ஆமாண்டா, நீ பொறக்கறதுக்கு உங்கம்மா அஞ்சு வருசம் கியூல நின்னுச்சாமே," என்பான் தம்பி.

அதே தேதிகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறின. அதன் பிறகு மாற்றுவது லேசான காரியமில்லை.

அண்ணனுக்கு ஓர் அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பணிப்பதிவேட்டில் தகப்பன் காலமானார் என்றும், தாய் இன்னார் என்றும் எழுதிக் கொடுத்தான். சுனாமிக்கு அடுத்த வருடம் அதே நிறுவனம் தம்பியையும் தேர்வு செய்தது. சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரி ரேஷன் கார்டையும் கேட்டு வாங்கினார். ஒரே தாய், இரண்டு மகன்கள், நான்கு மாதம். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். விளக்கம் வராவிட்டால் அண்ணனுடைய கோப்பையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் பயிற்சியாளர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். சகோதரர்களின் அம்மா மீன் விற்ற கையோடு நேராக வந்திருந்தார். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டார். பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன் பேசும் அதே குரலில் கேட்டார்.

"உங்க கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி இருந்தா. மஞ்சகாமாலைல பூட்டா சார்."

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சி. அவ புருசனும் கடல்ல பூட்டான்."

"குழந்தை?"

"இல்ல சார்."

"இருக்கு," என்று தம்பியைக் காட்டினார். "இவன்தான். தங்கச்சி போனதும் நீங்க எடுத்து வளத்தீங்க. அதான் ஸ்கூல்ல உங்க பேரு."

அண்ணன் மெதுவாக, "என்னை வேணா சித்தி பையன்னு மாத்திடலாமே சார்," என்றான்.

"உன் சர்வீஸ் புக்ல அம்மா ஏறியாச்சு. அதைத் தொட்டா நீ வெளியே. ஒரு பேப்பர்தாண்டா. வீட்ல இவன் அவங்க பிள்ளைதான், யார் கேக்கப் போறா?"

உறுதிமொழிப் பத்திரத்தின் வாசகத்தை எழுதியது நான். புதிதாகப் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன், குறைந்த சொற்களில் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில் புளியமரத்தடி டைப்பிஸ்ட் அதை அடித்துக் கொடுத்தார். நோட்டரியிடம் போவதற்கு முன் அம்மா என்னை நிறுத்தினார்.

"இன்னா எழுதிகீது? படி."

படித்தேன்.

"நான் பெக்கலன்னு கீதா?"

"ஆமாம்மா."

"எந்த வரி?"

காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த வரியில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகக் கடைசி வரை நகர்த்தினார். பிறகு கட்டைவிரலை மையில் வைத்தார். ரேஷன் கார்டில் தம்பியின் பெயருக்கு எதிரே 'மகன்' அடிக்கப்பட்டு 'தங்கை மகன்' ஆனது. அடுத்த வாரம் அவன் வேலையில் சேர்ந்தான்.

நிறுவனத்தின் அணியில் இருவரும் மீண்டும் நடுவில் நின்றார்கள். அலுவலகத்தில் தம்பி அம்மாவைப் பெரியம்மா என்று குறிப்பிடப் பழகிக்கொண்டான். வீட்டில் அம்மா கேலி செய்வார்: "இன்னாடா தங்கச்சி மவனே, துன்னியா?" ஒருநாள் அவன் போனில் யாரிடமோ "பெரியம்மாவுக்கு சுகர் சார்" என்று தயங்காமல் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேலியைச் செய்யவில்லை. இதை எனக்குச் சொன்னது அண்ணன்.

அணியில் இடம் கிடைக்காத யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். இருவரும் உடன்பிறந்தவர்கள், பத்திரம் பொய் என்று. விசாரணை தொடங்கவில்லை, கடிதம் கோப்பில் இருந்தது. அந்த மாதத்தில்தான் அம்மா இறந்தார். சர்க்கரை நோய், காலில் புண், பிறகு சிறுநீரகம்.

அந்தக் குப்பத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளையவன். காலை பத்து மணி இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர், "சின்னவன் எங்க? தல முழுவிட்டு வரச் சொல்லு," என்று குரல் கொடுத்தார். தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்போது அலுவலகத்தின் வேன் வந்து நின்றது. அண்ணனுடைய தாய் என்பதால் சக ஊழியர்கள் மாலையோடு இறங்கினார்கள். சான்றிதழ் சரிபார்த்த அதிகாரியும் இருந்தார்.

பயிற்சியாளர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அப்போது அவருக்குக் கையில் தடி. வேனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், குழாயடிக்கு நடந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சட்டையப் போடு. பெரியவன் வைக்கட்டும்."

"சார், அம்மா சார்."

"தெரியும்டா. லெட்டர் போயிருக்கு. ரெண்டு பேர் வேலை."

தம்பி ஒரு நிமிடம் தண்ணீர் விழுவதைப் பார்த்தான். பிறகு குழாயை மூடிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பயிற்சியாளர் சொல்லி அவன் செய்யாத காரியம் எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். "அவனுக்குக் காய்ச்சல் மாமா, நான் வெக்கிறேன்," என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பினான். அந்தச் சத்தம் எட்டாத தூரத்தில், பந்தலின் மறுகோடியில், பயிற்சியாளர் அலுவலக ஆட்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு பழைய இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். சுடுகாட்டில் அண்ணன் கொள்ளி வைத்தபோது தம்பி என்னோடு, சக ஊழியர்களின் வரிசையில் நின்றான். அண்ணன் தலை மழித்திருந்தான். இவன் முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

திரும்பும் வழியில் அந்த அதிகாரி எங்கள் அருகே வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தார்.

"பெத்த தாய் போறது சாதாரணமில்ல தம்பி. உங்க அண்ணனைக் கொஞ்ச நாள் தனியா விடாதீங்க."

"சரி சார்," என்றான் தம்பி.