பழைய பார்ட்டைக் காட்டுங்க!

எலக்ட்ரானிக் போர்டு பழுது பார்க்கிற தொழிலில் பெரிய கஷ்டம் எது தெரியுமா? பழுது சின்னதாக இருப்பதுதான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் எங்கள் கடை. ஒரு மேஜையில் நான் போர்டு பார்க்கிறேன். எதிர் மேஜையில் சேகர் அண்ணன் செல்போன் பார்க்கிறார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எதைப் பழுது பார்த்தாலும் கழற்றிய பழைய பார்ட்டை ஒரு கவரில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் வேலை நடந்தது என்று நம்புவார்கள்.

ஆனால் என்னிடம் வருவதில் பாதி, எனேபிள் பின் கோளாறு. ஒரு சிப்புக்குப் பல கால்கள். ஒரு காலில் கரண்ட் வரும், இன்னொரு காலில் 'வேலை செய்' என்று உத்தரவு வரும். அந்த உத்தரவுக் கால்தான் எனேபிள் பின். அங்கே இணைப்பு விட்டுப்போனால் நல்ல சிப்பும் சும்மாவே உட்கார்ந்திருக்கும். ஒரு சொட்டு ஈயம் வைத்தால் எழுந்துவிடும். கழற்றிக் கொடுக்கத்தான் ஒன்றும் இருக்காது. 'இவ என்னத்தப் பாத்தா?' என்று யோசிக்கிற முகத்தைத் தினமும் பார்க்கிறேன். சமைக்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் என்று செய்த வேலை கண்ணில் படாத எல்லோருக்கும் இந்த முகம் தெரிந்திருக்கும். எனக்குக் கூடுதலாக, 'பொம்பளப் பிள்ளைக்கு இது வருமா?' என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இப்போது பேர் கெட்டால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

கரண்ட் இருக்கு, உத்தரவு இல்லை

கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. வாசலில் எழுத்து ஓடுகிற எல்இடி போர்டு, ஆடித் தள்ளுபடி நேரம் பார்த்து இருண்டுவிட்டது. முதலாளிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கரண்ட் ஜோராக வந்துகொண்டிருந்தது. எனேபிள் பின்னுக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. ஒட்டி டேப் சுற்றியதும் தள்ளுபடி மறுபடி ஓட ஆரம்பித்தது.

"எந்தப் பார்ட்டும்மா போச்சு?" என்றார். எதுவும் போகவில்லை, கரண்ட் வந்தாலும் உத்தரவு வந்தால்தான் எரியும், அந்த உத்தரவு வருகிற வழிதான் அறுந்திருந்தது என்று விளக்கினேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புரியுதும்மா. நானும் காலையிலேர்ந்து கடையில நிக்கத்தான் செய்யிறேன், அங்கிட்டு இருந்து தலையாட்டுனாத்தான் ஒரு வேட்டி வெளிய போகுது."

ராசியான கை

ஆலங்குடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. போனிலேயே மோட்டாரைப் போடுகிற பெட்டி வைத்திருந்தார்கள். அது கொஞ்ச நாளாகப் போனுக்கு மசியவில்லை. தோப்புக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், அசையவில்லை. அவர் மனைவி வந்து மூடியில் கை வைத்தால் மட்டும் மோட்டார் ஓடியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் எனேபிள் பின்னின் ஒயர் அறுந்து, மூடியின் திருகாணியில் சாய்ந்து கிடந்தது. அந்தச் சிப்புக்கு உத்தரவு என்பது அந்தக் காலைத் தரையோடு சேர்ப்பது, அதாவது எர்த் கொடுப்பது. தோப்புக்காரர் எப்போதும் ரப்பர் செருப்பு. அந்தம்மா வெறுங்காலோடு வாய்க்கால் ஈரத்தில் நிற்கிறவர். அந்தம்மா தொட்டால் சிப்பின் கால் அவர் உடம்பு வழியாகத் தரையோடு சேர்ந்துவிடும், அவ்வளவுதான். நல்லவேளை, அந்தப் பக்கம் ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லை. ஒயரைப் பற்றவைத்துக் காரணத்தையும் சொன்னேன். தோப்புக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மாவுக்கு என் மேல்தான் கோபம்: "கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இப்பத்தான் என்னைய ராசிக்காரின்னு நாலு பேரு முன்னாடி கூப்பிட்டாரு, அது ஒங்களுக்குப் பொறுக்கலையாக்கும்?"

தலைகீழ் மண்டபம்

வேறொரு போர்டு பார்க்கப் போன கல்யாண மண்டபத்தில் மேடை விளக்கு, சுவிட்சை ஆஃப் செய்தால் எரிந்தது, ஆன் செய்தால் அணைந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் பழைய சிப்பை எடுத்துவிட்டு, அதே போல இருக்கிற வேறொன்றைப் போட்டிருக்கிறார். அதன் எனேபிள் பின் நேர் எதிராக வேலை செய்கிற வகை. கழற்றிய சிப்பைக் கவரில் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருந்தார். மேனேஜர் அதை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தார். சோதித்துப் பார்த்தேன். அது நல்ல சிப்!

எனக்கு வயிறு எரிந்தது. நல்லதைக் கழற்றினவருக்கு நல்ல பேர்! இதையே திரும்பப் போட்டு நேராக்கித் தருகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மேனேஜர் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார்: "வேணாம்மா! எங்க ஆளுங்களுக்கு இதுதான் பழகிப்போச்சு. நீங்க நேராக்கிட்டுப் போயிருவீங்க, தாலி கட்டையில எவனாச்சும் பழைய நெனப்புல அணைச்சுப்புடுவான்."

கிரைண்டர் மேல் ஒரு படகு

கோட்டைப்பட்டினத்து ஹமீது பாய்க்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. அவருடைய ஜிபிஎஸ் கருவி கரையில் நன்றாக இருக்கும். கடலுக்குள் போனால் திடீர் திடீரென்று அணைந்துவிடும். இது எழுத்து ஓடுகிற போர்டு இல்லை. எல்லை எங்கே என்று தெரியாமல் தாண்டிவிட்டால் படகும் போய்விடும், ஆட்களும் பிடிபடுவார்கள். இரண்டு மெக்கானிக் பார்த்து ஆளுக்கொரு பார்ட்டை மாற்றியிருந்தார்கள். அந்தக் கவர்களையும் பாய் கொண்டுவந்திருந்தார்.

என் மேஜையில் நாள் முழுக்க அது அணையவே இல்லை. கடலில் இருப்பது இங்கே என்ன இல்லை என்று யோசித்தேன். இன்ஜின் அதிர்வு! கீழே டிபன் கடையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் மேல் கருவியைக் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது. எனேபிள் பின்னுக்கு உத்தரவு கொடுக்கிற கடுகளவு ரெசிஸ்டரின் அடியில் உப்பு அரித்து, ஈயம் விண்டிருந்தது. அதிர்ந்தால் உத்தரவு அறுந்துபோகிறது. உப்பைத் துடைத்து, புது ஈயம் வைத்து, மேலே வார்னிஷ் பூசினேன்.

"எதை மாத்துனீங்க தங்கச்சி?" என்றார் பாய். எதையும் மாற்றவில்லை என்றதும் அதே முகம். அவருக்குப் பின்னால் நின்ற சேகர் அண்ணன், செத்த பார்ட்டுகள் கிடக்கிற டப்பாவை ஆட்டி, 'ஒண்ணை எடுத்துக் குடு' என்று சைகை காட்டினார். கை போகத்தான் பார்த்தது. ஆனால் அந்தக் கருவியை நம்பி ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். அதில் பொய்யையும் ஏற்றி அனுப்ப மனசு வரவில்லை. "குடுக்க ஒண்ணும் இல்லை பாய். வேணும்னா கீழ வாங்க, கிரைண்டர்ல வச்சுக் காட்டுறேன்" என்றேன். வந்தார். ஒரு அண்டா மாவு அரைத்து முடிக்கிற வரை பார்த்தார். கருவி அணையவில்லை. முகமும் மாறவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படகு திரும்புகிற வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சரியாகத்தான் பார்த்தேனா, இன்னொரு இடத்திலும் விண்டிருந்தால் என்று ஒரே பயம்.

இரண்டு நாள் கழித்துப் பாய் மாடி ஏறி வந்தார். ஒரு கையில் நண்டுப் பை, இன்னொரு கையில் வேறொரு ஜிபிஎஸ். இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு தடவ கூட அணையல தங்கச்சி. எப்ப அணையும் எப்ப அணையும்னு அதையே பாத்துக்கிட்டு இருந்ததுல வலையவே லேட்டாத்தான் எடுத்தோம். இது எங்க மச்சான் படகுது. இதையும் அதே மாதிரி ஒண்ணையும் மாத்தாம சரி பண்ணிக் குடுங்க."

அந்த மச்சானுடைய கருவியில் நிஜமாகவே ஒரு பார்ட் போயிருக்கிறது, அதை அவரிடம் எப்படிச் சொல்லி நம்ப வைப்பது என்பதுதான் இப்போது என் கவலை.