கொடுக்க மனம் வராத ஆர்மோனியம்

பெரியபாளையம் கோயில் வாசலில் ஒருவர் வாசித்ததைக் கேட்ட நிமிடமே, எங்கள் ஆலை நாடகத்துக்கு ஓர் ஆர்மோனியம் வேண்டுமென்று தோன்றிவிட்டது. வாசிப்பவரேதான் ஆர்மோனியப் பெட்டியும் செய்வார். காதில் பென்சில், மீசையில் மரத்தூள்.

பெட்டியை வாசித்துப் பார்க்காமல் தரமாட்டார். வாசித்துவிட்டால் தரவே மாட்டார். எனக்கென்று செய்த இரண்டாவது பெட்டியையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம நாடகம்ணே" என்றேன்.

"இன்னா செய்யச் சொல்ற நைனா? இது நல்லா பேசுதே. உன் கையில குடுத்தா அழுவும்."

"அப்போ எதத்தான் விப்பீங்க?"

"கரகரன்னு கத்துறத வித்துடுவேன்."

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் விரல் பட்டால் அது அத்தனை அழகாகத்தான் பேசியது.

கரகரவென்று கத்துகிற பெட்டி ஒன்று செய்து கொடுங்கள் என்று அப்பேர்ப்பட்டவரிடம் எந்த வாயால் கேட்பது? நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய்க் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.